கடல் போகும் நேரம், வரும் நேரம்: கான்கால் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் வடமேற்கில் பிரெத்தாஞ் பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வடகரையில், நோர்மாந்தி தொடங்குவதற்குச் சற்று முன்னால், கான்கால் என்ற சிற்றூர் இருக்கிறது. ஐயாயிரம் பேர் அளவில் வாழும் ஊர். மேட்டில் தேவாலயமும் கடைத்தெருவும். கீழே லா ஊல் என்ற மீனவர் துறை. வானம் தெளிந்திருந்தால் வளைகுடாவுக்கு அப்பால் மோன் சேன் மிஷேல் மடாலயம் ஒரு சிறு கூம்பாகத் தெரியும்.

நான் முதன்முறை போனது ஒரு மே மாதம். மதியம் ஒரு மணிக்குத் துறைக்கு இறங்கினேன். கரைச்சுவரை ஒட்டி நீர் தளும்பியது, படகுகள் ஆடின, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிப்பி தின்றுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த முறை செப்டம்பரில், பிற்பகல் மூன்று மணிக்கு அதே இடத்தில் நின்றால் கடலைக் காணவில்லை. படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணலும் சேறும். அதன் நடுவே வரிசை வரிசையாகச் சிப்பி வளர்க்கும் இரும்பு மேசைகள், அவற்றிடையே டிராக்டர்கள், குனிந்து வேலை செய்யும் மனிதர்கள். அந்த ஊர் எதனால் பிழைக்கிறதோ, அதை நான் முதல் பயணத்தில் பார்க்கவே இல்லை. அது அன்று நீருக்கடியில் இருந்தது.

ஆகவே கான்காலுக்குப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை, டிக்கெட் எடுப்பதற்கு முன் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலை, திறக்க வேண்டும் என்பதுதான்.

எந்த நாள்?

பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு ஓதத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். 20-லிருந்து 120 வரை போகும் எண். 'கோயெஃப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். நாம் ஓத எண் என்று வைத்துக்கொள்ளலாம். 70 என்றால் நடுத்தரம். 95 என்றால் நல்ல பெரிய ஓதம். 45 என்றால் சோம்பல் ஓதம். இந்த எண்ணைப் பிரெஸ்த் துறைமுகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நாடு முழுவதும் அதே எண்தான், மீட்டர் கணக்குதான் ஊருக்கு ஊர் மாறும்.

கான்கால் இருக்கும் மூலையில் அந்த மீட்டர் கணக்கு தலைசுற்ற வைக்கும். அட்லாண்டிக்கிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் ஓத அலையைக் கோத்தாந்தென் தீபகற்பம் குறுக்கே நின்று தடுக்கிறது. நீர் போக வழியில்லாமல் இந்த ஆழமற்ற வளைகுடாவில் குவிகிறது. ஓத எண் 40 உள்ள நாளிலேயே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நாலரை, ஐந்து மீட்டர் வித்தியாசம் இருக்கும். 100 தொட்டால் பதினோரு மீட்டரைத் தாண்டும். 2015 மார்ச் 21 அன்று எண் 119. அன்று 13 மீட்டருக்கு மேல். நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நாளுக்கு இருமுறை மூழ்கி எழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஒன்றரை, இரண்டு நாள் கழித்துப் பெரிய ஓதம் வரும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி வருபவை எல்லாவற்றிலும் பெரியவை. என் பரிந்துரை 85-க்கும் 100-க்கும் இடைப்பட்ட நாட்கள். 110-க்கு மேல் போனால் பிரான்ஸில் பாதிப் பேர் வாளியும் கையுமாக அங்கே வந்துவிடுவார்கள். அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

இந்தக் கரைக்கென்று ஒரு வசதி உண்டு; வழிகாட்டிப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. பெரிய ஓத நாட்களில் இங்கே வற்றம் எப்போதும் பிற்பகலில்தான், இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் விழும். நிறைகடல் காலையிலும் மாலையிலும். சின்ன ஓத நாட்களில் இது அப்படியே தலைகீழ்: மதியம் நிறைகடல், காலையிலும் இரவிலும் வற்றம். மதிய உணவுக்கு வந்து போகிறவர் அந்த நாட்களில் சிப்பி வயல்களைப் பார்க்கவே முடியாது. நான் மே மாதம் ஏமாந்தது இதனால்தான்.

அட்டவணையைப் படிப்பது

பிரெஞ்சுக் கடற்படையின் நீரியல் நிறுவனமான ஷோம் இணையத்தில் ஓத நேரங்களை வெளியிடுகிறது. கையடக்கப் புத்தகமாகப் புகையிலைக் கடைகளிலும் தூண்டில் கடைகளிலும் சில யூரோவுக்குக் கிடைக்கும். கான்காலுக்கு சென் மாலோ துறையின் அட்டவணையே போதும்.

'ப்ளேன் மேர்' என்றால் நிறைகடல். 'பாஸ் மேர்' என்றால் வற்றுக்கடல். அட்டவணையில் இரண்டையும் முதலெழுத்துகளால் குறிப்பார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் பி.எம். ஆகிவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், நிறைகடலுக்குரிய பி.எம்.-மை நான் பிற்பகல் என்றே படித்தேன். காலை 8.10-க்கு வரும் நிறைகடலை இரவு 8.10 என்று குறித்துக்கொண்டு போய் நின்றேன். ஏறத்தாழ நிறைகடல்தான் இருந்தது! ஒரு நிறைகடலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால், என் அறியாமைக்கு அபராதம் 25 நிமிடத்தோடு போயிற்று. இதே கணக்கால் ஒவ்வொரு நாளும் ஓதம் சராசரியாக 50 நிமிடம் பிந்தும்.

இன்னொரு பொறி: சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் இறுதிவரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள்.

போய்ச் சேர

பாரிஸ் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து சென் மாலோவுக்கு நேரடி அதிவேக ரயில் உண்டு. இரண்டரை மணி நேரம் அளவு. நேரடி ரயில் கிடைக்காவிட்டால் ரென் நகரில் மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணிக்குள் போய்விடும். முன்பதிவு எவ்வளவு முந்தினால் அவ்வளவு மலிவு. சென் மாலோவிலிருந்து கான்கால் 15 கிலோமீட்டர். நகரப் பேருந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் பஸ் குறைவு, ஆகவே திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தங்க மேலூரா, துறையா என்றால் நான் துறை என்பேன். வாடகை கூடுதல்தான், கடற்காகங்கள் விடியுமுன்னே ஊரைக் கூட்டிவிடும்தான். ஆனால் இரவில் சன்னலுக்குக் கீழே நீர் வந்து சேரும் ஓசையைக் கேட்க மேலூரிலிருந்து இறங்கி வர முடியாது. ஓர் இரவாவது தங்குங்கள். கடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிப்பதைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: முழங்கால்வரை வரும் ரப்பர் காலணி, ஆகஸ்டிலும் காற்றைத் தடுக்கும் மேலாடை, கைக்கடிகாரம். செல்பேசி இருக்கிறதே என்பீர்கள். சேற்றுக்கையால் அதை எடுத்துப் பாருங்கள்.

வற்றத்தின் பிற்பகல்

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரைச்சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். முதலில் எதுவும் நடப்பதாகவே தோன்றாது. பிறகு ஒரு படகின் கயிறு தொய்ந்திருக்கும். சுவரில் ஈரக்கோடு ஒன்று மேலே தங்கிவிட்டிருக்கும். கொஞ்சம் கவனம் சிதறித் திரும்பிப் பார்த்தால் தொலைவில் மேசைகளின் முதுகு கறுப்பாகத் தெரியத் தொடங்கியிருக்கும்.

அப்போது டிராக்டர்கள் இறங்கும். சரிவுப்பாதை வழியாகக் கடல் கிடந்த தரைமேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். சிப்பி வளர்ப்போருக்கு ஓத எண்தான் வேலை நாட்காட்டி. எண் குறைந்த வாரத்தில் தாழ்ந்த மேசைகள் வெளியே வரவே வராது. முழங்கால் உயர இரும்பு மேசைகளில் வலைப்பைகள் கொக்கி வைத்த ரப்பர் பட்டைகளால் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பையையும் அவிழ்த்து, உலுக்கி, தட்டி, புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாக வளரும். பாசி படர்ந்து பைக்குள் நீரோட்டம் நின்றுவிடும். ஒரு சிப்பி தட்டுக்கு வர மூன்றாண்டு அளவு ஆகிறது. அதுவரை அதைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

காற்று நின்றால் சேற்றுத்தரையிலிருந்து மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்கும். நீர் வடிந்த ஆயிரம் துளைகள் காற்றை இழுக்கும் ஓசை அது. மாவு புளித்துப் பொங்கும்போது காதை அருகில் வைத்தால் கேட்குமே, அதுபோல.

மேசைகளுக்கிடையே நீங்களாகப் போகக் கூடாது. அவை உரிமம் பெற்றவர்களின் வயல்கள். உதிர்ந்து கிடக்கும் சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. உள்ளே போய்ப் பார்க்க ஆசையிருந்தால் ஊரின் தெற்கே லா ஃபெர்ம் மரீன் என்ற சிப்பிப் பண்ணையில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். பண்ணையைத் தாண்டிய பொதுக்கரையில் மட்டி தோண்டலாம், ஆனால் அளவு விதி உண்டு: பாலூர்த் என்னும் மட்டி நான்கு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பப் போட்டுவிட வேண்டும். கல்லைப் புரட்டினால் பழையபடியே வைத்துவிடுங்கள். அதன் அடியில் குடியிருக்கும் உயிர்கள் வெயிலில் செத்துப்போகும்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெரிய ஓத நாளில் ஏற்றத்தின் நடுப்பகுதியில் நீர் மணிக்கு மூன்று மீட்டரை ஒட்டி உயரும். பத்து நிமிடத்தில் முழங்கால் உயரம். இந்தக் கரையில் ஏறும் நேரம் இறங்கும் நேரத்தைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. பள்ளமான ஓடைகள் வழியாக முதலில் உங்கள் முதுகுப்புறம் வந்துவிடும்; நீங்கள் நிற்கும் மணல்திட்டு உலர்ந்திருக்கும்போதே கரைக்குப் போகும் வழி மூழ்கியிருக்கும். வற்றம் உச்சத்தைத் தொட்டதும் திரும்பி நடந்துவிட வேண்டும். 'இன்னும் நேரம் இருக்கிறதே' என்று கணக்குப் போடக் கூடாது. மூடுபனி இறங்கினால் அட்டவணையைப் பார்க்காமலே திரும்புங்கள். கடல்மீட்புக்குப் பிரான்ஸில் 196 என்ற எண்; 112-ம் வேலை செய்யும். மோன் சேன் மிஷேல் கண்ணுக்குத் தெரிகிறதே என்று வளைகுடாவின் குறுக்கே நடக்க நினைக்கவே வேண்டாம். புதைமணல் உண்டு. அந்த நடைக்குத் தனி வழிகாட்டிகள் வேறு ஊர்களிலிருந்து கூட்டிப்போகிறார்கள்.

சிப்பிச் சந்தை

துறையின் வடகோடியில், சிறிய கலங்கரை விளக்கத்துக்கு அருகே, கோடு போட்ட துணிக்கூரைகளின் கீழ் ஏழெட்டுக் கடைகள். இதுதான் சந்தை. உணவகத்தில் உட்கார்ந்து தின்பதைவிட இங்கே மலிவு, ருசியும் கூட.

சிப்பியில் இரண்டு சாதி. குழிச்சிப்பி பசிபிக்கிலிருந்து வந்தது. முன்பிருந்த போர்த்துக்கீசியச் சிப்பி நோயில் அழிந்தபின் 1970-களில் பிரான்ஸ் முழுவதும் இதை இறக்கினார்கள். இன்று மேசைகளில் இருப்பதில் பெரும்பங்கு இதுதான். தட்டைச்சிப்பி இந்தக் கரைக்கே உரியது. பதினான்காம் லூயி மன்னரின் மேசைக்குப் போனது இது. அதையும் 1970, 80-களில் ஒட்டுண்ணி நோய்கள் சூறையாடிவிட்டன. இப்போது குறைவாக, விலை கூடுதலாகக் கிடைக்கிறது. இரும்புச் சுவையும் கொட்டைப்பருப்பு மணமும் சேர்ந்த அதை ஒரு முறையாவது தின்று பார்க்க வேண்டும்.

குழிச்சிப்பியை எண் சொல்லி வாங்குங்கள். எண் ஏற ஏறச் சிப்பி சிறுக்கும்: 5 மிகச் சிறியது, 0 மிகப் பெரியது. முதன்முறை தின்பவர் 4 எடுத்தால் போதும். பெரியதுதான் சிறந்தது என்று நினைத்து 1 வாங்கியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டசன் சொன்னால் கடைக்காரர் திறந்தே கொடுப்பார். அவர் கையைக் கவனியுங்கள். சிப்பியை உள்ளங்கையில் இருத்தி, பக்கவாட்டில் குட்டைக் கத்தியைச் செருகி, உள்ளே மூடியைப் பிடித்திருக்கும் தசையை ஒரே இழுப்பில் அறுத்து, மூடியைச் சுண்டி எறிவார். ஒன்றுக்கு ஐந்து விநாடிகூட ஆகாது. நான் ஒன்றைத் திறக்க நான்கு நிமிடமும் ஒரு கட்டைவிரலும் செலவாயின.

தட்டையும் எலுமிச்சைத் துண்டையும் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்காருங்கள். முதலில் வரும் நீரைக் கொட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் சிப்பி மீண்டும் சுரக்கும், அந்த நீர்தான் ருசி. முழுங்காமல் மென்று தின்னுங்கள். முதல் சிப்பிக்கு எலுமிச்சை வேண்டாம். ஓட்டைக் கீழே கரையில் எறிந்துவிடுவது ஊர் வழக்கம். அங்கே ஏற்கெனவே ஒரு மேடே கிடக்கிறது. தட்டை மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோடையில் சிப்பி பால்பிடித்துக் கொழகொழவென்றிருக்கும். செப்டம்பருக்குப் பிறகு வருவது உத்தமம். கருவுற்றவர்கள் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும்.

சிப்பி வேண்டாம் என்பவர்களுக்கு வளைகுடாவின் மரக்கழிகளில் வளரும் சிறு மட்டிகள், வெங்காயத்தோடு வேகவைத்தவை, எல்லா உணவகத்திலும் உண்டு. சைவர்களுக்கு கலேத். பக்வீட் மாவில் ஊற்றிய, கறுத்த, முறுகலான தோசை என்றே சொல்லலாம். பன்றியிறைச்சி இல்லாமல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது உள்ளே இருக்கும்.

ஏற்றத்தோடு ஒரு நடை

மறுநாள் காலை நிறைகடல். லா ஊலிலிருந்து க்ருவேன் முனைவரை கடலோரமாகவே ஒற்றையடிப் பாதை போகிறது. கள்ளக்கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போன பாதை. இன்று பிரெத்தாஞ் கரை முழுவதையும் சுற்றும் 2000 கிலோமீட்டர் நடைவழியின் ஒரு துண்டு. ஏழு கிலோமீட்டர் அளவு, ஏற்ற இறக்கத்தோடு இரண்டரை மணி நேரம். வழியில் போர் மேர் கடற்கரையில் குளிக்கலாம், நீர் தரும் குளிரைத் தாங்குவீர்கள் என்றால்.

முனையில் பாறை செங்குத்தாக இறங்குகிறது. எதிரே முதுகெலும்புபோல நீண்டு கிடக்கும் லாந் தீவு பறவைகள் காப்பிடம். நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். தீவுக்கும் முனைக்கும் இடையிலுள்ள குறுகிய கால்வாயைப் பாருங்கள். ஏற்றம் பாதியில் இருக்கும்போது அங்கே கடல் ஆறுபோல ஓடும், சுழிகள் தெரியும். நிறைகடலில் அதே இடம் குளம்போல நிற்கும்.

மேலூருக்குத் திரும்பினால் தேவாலயத்துக்கு அருகே சிப்பி கழுவும் பெண்களின் சிலையைப் பார்க்கலாம். ஆண்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிக்க மாதக்கணக்கில் போய்விட, கரை வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அருகிலேயே ஒலிவியே ரோலாஞ்சேயின் மசாலாக் கடை. மிஷெலின் உணவக வழிகாட்டி தந்த மூன்று நட்சத்திரங்களை 2008-இல் திருப்பிக் கொடுத்த சமையல்காரர் அவர். 'இந்தியாவிலிருந்து திரும்புகை' என்று பொருள்படும் பெயரில் ஒரு மசாலாக் கலவை செய்தவர். கதவைத் திறந்ததும் மிளகும் மஞ்சளும் மணக்கும். வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குள் தலையை விட்டதுபோல ஒரு நொடி நின்றுவிட்டேன். விலையைப் பார்த்ததும் நினைவு திரும்பியது.

அந்த மணம் இங்கே தற்செயலாக வந்ததல்ல. அடுத்த ஊரான சென் மாலோவின் கப்பல்கள் இந்தியப் பெருங்கடல்வரை போய்வந்தவை. 1746-இல் சென்னைப் பட்டணத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லா பூர்தொன்னே 1699-இல் பிறந்தது அந்த ஊரில்தான். திரும்பும் வழியில் அங்கே அரை நாள் ஒதுக்கலாம். கோட்டைமதிலுக்கு வெளியே கிரான் பே என்ற சிறு தீவு, வற்றத்தில் நடந்தே போகலாம். 1848-இல் இறந்த எழுத்தாளர் ஷாத்தோபிரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்திருக்கிறது. கல்லில் பெயர்கூட இல்லை. நடைபாதையை நீர் தொட்டுவிட்டால் அடுத்த வற்றம்வரை தீவில் ஆறு மணி நேரம்போலக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோடையும் சிலர் காத்திருக்கிறார்கள்.

கொண்டுபோக

பாரிஸில் நண்பர்கள் இருந்தால் புறப்படும் காலையில் சந்தையில் ஒரு மரக்கூடை சிப்பி வாங்குங்கள். 'பூரீஷ்' என்று கேட்க வேண்டும். கடற்பாசி போட்டு இறுக்கிக் கட்டித் தருவார்கள். கூடையைச் சாய்க்காமல், குழிந்த ஓடு கீழே இருக்கும்படி, படுக்கையாகவே வைத்திருங்கள். சாய்ந்தால் நீரெல்லாம் ஒழுகிச் சிப்பி செத்துவிடும். வீட்டில் நல்ல தண்ணீரில் போடக் கூடாது. குளிர்ந்த இடத்தில், மேலே ஒரு பாரம் வைத்து மூடினால் சில நாள் உயிரோடிருக்கும். தட்டினால் வாயை மூடாத சிப்பியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

ரயிலில் கூடையை மேல்தட்டில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். ரென் தாண்டியதும் எதிர் இருக்கையிலிருந்த பெரியவரின் செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நிமிர்ந்து கூடையைப் பார்த்தார், விரலால் சொட்டைத் தொட்டு முகர்ந்தார்.

"கான்காலா?" என்றார். தலையாட்டினேன்.

"எத்தனை எண்?"